பாட்டுக்காரர் வில்லியும் பண்ணைக் கடனும்

நாம் வகுப்பில் படித்த வரலாறெல்லாம் மன்னர்கள், போர்கள், உடன்படிக்கைகள்தாம். உழவர் வரலாற்றில் ஒரு பாட்டுக்காரர் இடம்பிடித்த கதை பாடப்புத்தகத்தில் இல்லை. இன்றைய மாணவச் செல்வங்களும் அறியட்டும் என்று இம்மலருக்கு அதையே எழுதுகிறேன்.

வில்லி நெல்சன் 1933-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், அபட் என்ற சிற்றூரில் பிறந்தார். தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். சின்ன வயசிலேயே பருத்தி எடுக்கப் போனவர். 'கன்ட்ரி' எனப்படும் அந்நாட்டுக் கிராமிய இசைதான் அவர் தொழில். அவர் எழுதிய 'கிரேசி' பாட்டை 1961-இல் பாட்ஸி கிளைன் பாடிப் புகழ்பெற்றார். நெல்சனுக்கோ 1975-இல் வந்த 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' இசைத்தட்டுதான் பெரும் பெயர் தந்தது.

அந்த 1970-களில் அமெரிக்க உழவருக்கும் நல்ல காலம். தானியத்துக்கு விலை, நிலத்துக்கு மதிப்பு, கேட்ட இடத்தில் கடன். விளைச்சலைப் பெருக்கச் சொல்லி அரசும் ஊக்கியது. அப்புறம்தான் வந்தது வினை. பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏற்றினார்கள். 1980 டிசம்பரில் வங்கிகளின் முதன்மை வட்டி 21.5 சதவீதம்! சோவியத் நாட்டுக்குத் தானியம் அனுப்பவும் அதே ஆண்டு தடை. நிலத்தின் விலை சரிந்தது, கடன் மட்டும் சரியவில்லை. பரம்பரை நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

1985 ஜூலை 13 அன்று, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்கான 'லைவ் எய்ட்' மேடையில், இதில் கொஞ்சம் நம் உழவர் கடனுக்கும் தரலாமே என்ற பொருளில் பாப் டிலன் பேசினார். பலர் முகம் சுளித்தனர். நெல்சன் மட்டும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நீல் யங், ஜான் மெல்லன்காம்ப் ஆகியோருடன் சேர்ந்து, செப்டம்பர் 22-இல் இல்லினாய் பல்கலைக்கழக விளையாட்டரங்கில் 'ஃபார்ம் எய்ட்' இசைவிழாவை நடத்தினார். சுமார் 80,000 பேர் திரண்டனர். 70 லட்சம் டாலருக்கு மேல் வசூல். பண்ணைக் கடனோ ஏறத்தாழ 20,000 கோடி டாலர். யானைப் பசிக்குச் சோளப்பொரி!

இதை நெல்சனும் உணர்ந்திருக்க வேண்டும். பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை. உழவர் குறை கேட்கத் தொலைபேசிச் சேவை வந்தது. அவரும் மெல்லன்காம்பும் உழவர்களையே அழைத்துக்கொண்டு நாடாளுமன்றத்தில் சாட்சி சொல்லப் போனார்கள். 1987-ஆம் ஆண்டு வேளாண் கடன் சட்டம், ஏலம் போடுமுன் கடனைச் சீரமைத்துப் பார்க்க வழிசெய்தது.

அதனால் எல்லாப் பண்ணையும் பிழைத்துவிட்டதா? இல்லை. 1982 கணக்கெடுப்பில் சுமார் 22 லட்சமாக இருந்த பண்ணைகள் 2022-இல் 19 லட்சமாகக் குறைந்தன. ஆனாலும் நெல்சன் விடவில்லை. 2025 செப்டம்பரில், 40-ஆம் ஆண்டு விழாவிலும் தம் 92-ஆம் வயதில் பாடினார்.

நாம் கிராம சேவை என்று ஒருநாள் போய், மாலை மரியாதை வாங்கித் திரும்பிவிடுகிறோம். மறுவருஷமும் போனோமா? நண்பர்களே, என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.