மதில்களும் இடிபாடுகளும்: மதுரையை முன்வைத்துச் சில குறிப்புகள்

மதுரைக்கு வருகிறவர்களுக்கு இடிபாடு என்று நாம் காட்டுவது திருமலை நாயக்கர் மகாலை. 1636இல் கட்டியது. பேரன் சொக்கநாதன் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெயர்த்துக்கொண்டு போனது போக மிச்சம். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பழுது பார்த்ததால் அதுவாவது நிற்கிறது. 'இவ்வளவுதான் சார் மிஞ்சிச்சு' என்று உச்சுக்கொட்ட அது தோதான இடம்.

ஆனால் இந்நகரின் ஆகப் பெரிய இடிபாடு கண்ணில் படாது. அதன்மேல்தான் தினமும் நடந்துபோகிறோம். கோட்டை மதிலும் அகழியும் இருந்த இடம்தான் இன்றைய வெளிவீதிகள், மாரட் வீதிகள், பெருமாள் மேஸ்திரி வீதிகள். 1837 வாக்கில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடிக்க முனைந்தார். ஊருக்குள் நெரிசல், அகழியில் தேங்கிய தண்ணீர், காய்ச்சல் என்று காரணங்கள். பாளையக்காரர்களை ஒடுக்கி முடித்த கும்பினிக்கு இனிக் கோட்டை எதற்கு என்பதையும் சேர்த்தே இதை வாசிக்க வேண்டும். இடித்த மண்ணைக் கொட்டி அகழியைத் தூர்த்தவர்களுக்கு அங்கே மனை கொடுக்கப்பட்டது. மதில் வீடுகளாயிற்று. பெரியார் பேருந்து நிலையத்தருகே ஒரு கொத்தளத் துண்டு மிஞ்சியிருக்கிறது. பிளாக்பர்னின் நினைவுக்கு விளக்குத்தூண் நிற்கிறது.

மதில் போச்சு. யார் உள்ளே, யார் வெளியே என்ற கணக்கு போச்சா? கோட்டை இடிந்த பிறகும் ஒரு நூறாண்டு மீனாட்சி கோயில் வாசல் தலித்துகளுக்கும் நாடார்களுக்கும் திறக்கவில்லை. கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நுழைந்த நாடார்கள் மீதான வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1908இல் அங்கும் 'நுழையக் கூடாது' என்றே தீர்ப்பு. 1939 ஜூலை 8 அன்றுதான் வைத்தியநாத அய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட ஐந்து தலித்துகளும் ஒரு நாடாரும் மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். போனது குற்றமாகிவிடக் கூடாதே என்று ராஜாஜி அரசு அதே ஆண்டு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

கோட்டை மதிலுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. விழுந்தால் மனை கிடைக்கும் என்றதும் விழுந்துவிட்டது. சாதி மதில் அப்படியல்ல. அது நிற்பதில்தான் சிலருக்கு மனையும் மரியாதையும் முதல் திருநீறும். யாருக்கு லாபம் என்று கேட்காமல் மதில்களின் வரலாற்றை எழுத முடியாது.

1989 கலவரத்துக்குப் பின் இதே மதுரை மாவட்டத்தின் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பை மறித்து ஒரு சுவர் எழுந்தது. பின்னால் அதன்மேல் மின்சாரமும் பாய்ச்சினார்கள். 2008 மே 6 அன்று, போராட்டங்களுக்குப் பிறகு, அரசு அதில் ஒரு பகுதியை மட்டும் இடித்துப் பாதை விட்டது. அவ்வூர் முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போனது 2011 நவம்பரில். மீனாட்சி கோயிலுக்குப் பின் எழுபத்திரண்டு வருஷம்!

மகால் தூண்களை நிமிர்ந்து பார்க்கிற நாம் அந்தச் சுவர் உடைந்த இடத்தையும் மதுரையின் இடிபாடாக எண்ண வேண்டும். தொன்மை, பண்பாடு, கோயில் நகரம் என்று பேசுகிறவர்கள் அடுத்த முறை அங்கிருந்து ஆரம்பிக்கட்டும். இங்கே வரலாறு என்பது எதைக் கட்டினார்கள் என்பது மட்டுமல்ல; எதை இடிக்க விடவில்லை என்பதும்தான்.