கண்டியில் ஆட்சிமொழியும் கணினித் திரையின் மொழியும்

எந்த மொழியில் மக்களுக்கு விடை சொல்வது என்ற கேள்வி, கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே கண்டியின் ஆட்சியாளர்களுக்கு இருந்தது. 1739 முதல் 1815 வரை அரியணையில் இருந்த நாயக்க மன்னர்கள் நால்வரும் மதுரையோடு மணவுறவு கொண்ட குடியினர். அவர்களின் அரண்மனையில் சிங்களத்தோடு தமிழும் தெலுங்கும் வழங்கின. 1815 மார்ச் 2 இல் அரசைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தத்தின் வாசகம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அமைந்திருக்க, பிரதானிகள் சிலர் இட்ட கையொப்பங்களில் தமிழ், கிரந்த எழுத்துகள் காணப்படுகின்றன. ஊரை வைத்து மொழியைத் தீர்மானிக்கலாம் என்ற எண்ணம் கண்டிக்கு அன்றே பொருந்தவில்லை.

பின்னர் அது இன்னும் பொருந்தாததாயிற்று. 1830களில் பெருகிய கோப்பித் தோட்டங்களும், 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிரும் தமிழகத்துத் தொழிலாளரை இம்மலைகளுக்குக் கொண்டுவந்தன; அக்குறணை போன்ற ஊர்களில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் முன்னரே வாழ்ந்துவந்தனர்; கச்சேரியிலோ, அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்திலோ, ஆங்கிலம் ஆண்டது.

1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் ஆங்கிலத்தின் இடத்தில் சிங்களத்தை மட்டும் அமர்த்தியது. அடுத்த ஆண்டு பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட உடன்படிக்கை வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிர்வாக மொழியாக்க முனைந்தபோது, அதை எதிர்த்து 1957 ஒக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்தன கொழும்பிலிருந்து கண்டித் தலதா மாளிகையை நோக்கி நடைபயணம் புறப்பட்டு, இம்புல்கொடையில் தடுக்கப்பட்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, அவரே ஜனாதிபதியாக இருந்த 1987 நவம்பரில், அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது என்பது இலங்கை அரசியலின் கசப்பான நகைமுரண்களுள் ஒன்று. ஆயினும் உடன்படிக்கைக்கும் ஒரு குறை இருந்தது: வடக்கு, கிழக்கு என்று வரைபடத்தில் கோடு கிழித்து மொழியைப் பங்கிட்டதால், கோட்டுக்கு வெளியே கண்டியில் வாழ்ந்த தமிழருக்கு அது பெரிதாக எதையும் தரவில்லை.

இக்குறையை ஓரளவு உணர்ந்தது 1988 டிசம்பரின் 16 ஆம் திருத்தம். அதன்படி மத்திய மாகாணத்தின் பொதுப் பதிவேடுகள் சிங்களத்தில் பேணப்படும். ஆனால் அங்கு அலுவலகத்தை நாடும் ஒருவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் உரிமையுடையவர். மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தைக் கருதி, ஒரு பிரதேச செயலகப் பிரிவில் இருமொழிகளையும் நிர்வாக மொழிகளாக்க ஜனாதிபதிக்கு அதிகாரமும் தரப்பட்டது. பதிவேட்டின் மொழியை இடமும், விடையின் மொழியை வந்தவரும் தீர்மானிக்கும் இந்தப் பிரிப்பு நடைமுறையில் எவ்வளவு தேய்ந்திருந்தாலும், கோட்பாட்டளவில் மிகச் சரியானது. மேசைக் கணினியின் மென்பொருளுக்கும் இதைவிட நல்ல விதி கிடைப்பது அரிது.

கணினியோ முதலில் 1956 இன் வழியிலேயே நடந்தது. தொடக்ககால விண்டோசில் திரைமொழி வாங்கிய பதிப்போடு கட்டுண்டிருந்தது; ஒரே கணினியில் பயனர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியைத் தெரிவுசெய்யும் பன்மொழிப் பதிப்பு விண்டோஸ் 2000 இல்தான் வந்தது. யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகள் மொழிக் குறியையும் நாட்டுக் குறியையும் இணைத்த ‘லொக்கேல்’ என்னும் அமைவைக் கையாள்கின்றன. மொழி, நாட்காட்டி, நாணயம், எண் வடிவம் ஆகியவற்றை அது தனித்தனியே குறிக்க இடம் தந்தும், நிரலாளர் பலர் நாட்டைக் கண்டதும் மொழியை ஊகிக்கின்றனர். இலங்கை என்ற குறி ரூபாயைச் சொல்லும். கண்டியில் விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவரின் மொழியைச் சொல்லாது.

எழுத்துத் தடை இன்று பெரிதில்லை. தமிழ் 1991 இலும் சிங்களம் 1999 இலும் யுனிகோடில் இடம்பெற்றன. தமிழுக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 1326, 2008 இல் வெளிவந்தது. எஞ்சியிருப்பது மாற்றுமொழி வரிசை, அதாவது கேட்ட மொழி இல்லாதபோது அடுத்து எதைக் காட்டுவது என்ற ஒழுங்கு. இலங்கைத் தமிழைத் தெரிவுசெய்தவருக்கு அந்தப் பெயரில் மொழிபெயர்ப்பு இல்லையெனில், பொதுத் தமிழையோ இந்தியத் தமிழையோ தேடாமல் ஆங்கிலத்துக்குத் தாவும் நிரல் பிழையானது. ஆங்கிலத்தைவிடச் சிங்களம் நன்கு வாசிக்கும் தமிழர் கண்டியில் இருப்பதால், அடுத்த மொழியைப் பயனரே குறிக்க வேண்டும். குனு அமைப்பின் மொழிபெயர்ப்புக் கருவி இத்தகைய முன்னுரிமைப் பட்டியலை ஏற்கிறது. பலர் மாறிமாறி அமரும் அலுவலகக் கணினியில், அந்தப் பட்டியலைக் கணினியோடு அல்லாமல் உள்நுழையும் பயனரின் கணக்கோடு பிணைப்பதே முறையாகும்.