பூங்குருவிக் கரையில் ஒரு மாளிகை

எரிந்துபோன வீடுகளின் படங்களைத் தேடிப் பார்க்கிற ஒரு கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அதில் நான் அடிக்கடி திரும்பிப் போவது மேவிஸ்பேங்க். எடின்பரோவுக்குத் தெற்கே எட்டு கிலோமீட்டர் போனால் லோன்ஹெட் என்று ஓர் ஊர். அதற்குக் கீழே, எஸ்க் ஆற்றின் பள்ளத்தாக்கில், கூரை இல்லாமல் நிற்கிறது அந்த மாளிகை. ஸ்காட் மொழியில் மேவிஸ் என்றால் பூங்குருவி. அழகான பெயர்தான்.

கட்டியவர் பெனிகுக்கின் சர் ஜான் க்ளெர்க். சும்மா சொல்லக்கூடாது, விஷயம் தெரிந்த ஆள். ஹாலந்தின் லைடனில் சட்டம் படித்தார், ரோமில் கொரெல்லியிடம் இசை கற்றார். ஸ்காட்லாந்தை இங்கிலாந்தோடு இணைத்த 1707 ஒப்பந்தத்தைப் பேசி முடித்த ஆணையர்களில் அவரும் ஒருவர். அதன்பின் ஸ்காட்லாந்தின் கருவூல நீதிமன்றத்தில் நீதிபதி. 1722இல் அப்பா இறந்ததும் பட்டமும் பெனிகுக் பண்ணையும் அவர் கைக்கு வந்தன. அடுத்த வருஷமே மேவிஸ்பேங்க் வேலை ஆரம்பம். துணைக்கு வில்லியம் ஆடம், பின்னாளில் புகழ்பெற்ற ராபர்ட் ஆடமின் தகப்பன். வீட்டுக்குப் பின்னால் உள்ள பழைய மண்மேட்டை ரோமானியரின் பாசறை என்று க்ளெர்க் நம்பினார். ரோமை நேரில் பார்த்துவிட்டு வந்தவருக்குச் சொந்த நிலத்திலேயே ஒரு துண்டு ரோம் கிடைத்தால் விடுவாரா?

வீடு பெரிதல்ல. நடுவில் ஒரு கட்டடம், இரண்டு பக்கமும் வளைந்த சுவர்கள், சுவர்களின் முனையில் சிறு மனைகள். இத்தாலியக் கிராமத்து வில்லாவின் அமைப்பு. ஸ்காட்லாந்தில் இந்தப் பாணியின் முன்னோடி வீடுகளில் ஒன்று என்பதால்தான் கட்டடக்கலைக்காரர்கள் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். என் மனசு போவது வேறு பக்கம். இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது?

நிலத்து வருமானம், நீதிபதி சம்பளம், அதோடு நிலக்கரி. லோன்ஹெட் சுரங்கங்கள் க்ளெர்க் குடும்பத்தின் சொத்து. சுரங்கத்துக்குப் பக்கத்தில், கண் எட்டும் தூரத்தில் ஒரு வீடு இருப்பது முதலாளிக்கு வசதியும்கூட. அங்கே கரி வெட்டியவர்கள் சுதந்திரமான மனிதர்கள் அல்ல. 1606இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பழைய முதலாளியின் கைச்சீட்டு இல்லாத கரித்தொழிலாளியை யாரும் வேலைக்கு வைக்கக்கூடாது. சீட்டில்லாமல் போனவனை ஒரு வருஷமும் ஒரு நாளும் முடிவதற்குள் திரும்பக் கேட்கலாம். ஓடிப்போனவன் திருடன். எதைத் திருடினான்? தன்னைத்தான்! அந்தச் சட்டத்தின் தர்க்கம் அப்படி.

இதில் என்னை உலுக்கியது இன்னொரு வழக்கம். குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும்போது முதலாளி தகப்பன் கையில் ஒரு சிறு தொகையை வைப்பார். பிள்ளையும் அதே சுரங்கத்துக்குத்தான் என்பதற்கு அச்சாரம். சட்டம் அதைச் சொல்லவில்லை, ஊர் வழக்கம் சொன்னது. 1701இல் காரணமில்லாமல் யாரையும் சிறையில் அடைக்கக்கூடாது என்று ஒரு நல்ல சட்டம் வந்தபோதும், கரித்தொழிலாளிகளையும் உப்புக் காய்ச்சுபவர்களையும் அதிலிருந்து விலக்கி வைத்தார்கள்.

ஆனால் இவர்களை வெறும் ஊமைகளாக எண்ணிவிடக் கூடாது. பண்ணைக் கூலியைவிட இவர்களுக்கு அதிகம் கிடைத்தது. வேலையை நிறுத்திப் பேரம் பேசவும் தெரிந்திருந்தது. க்ளெர்க் குடும்பத்தின் காகிதங்கள் இன்று எடின்பரோ தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லோன்ஹெட் மக்களைப் பற்றி வரலாற்றாசிரியர்களுக்கு இவ்வளவு தெரிவதற்கு அவைதான் காரணம். முதலாளி கணக்கு வைத்ததால் தொழிலாளி வரலாற்றில் பிழைத்தான். இந்தக் கட்டு தளர ஆரம்பித்தது 1775இல். முழுசாக அறுந்தது 1799இல். க்ளெர்க் 1755லேயே இறந்துவிட்டார். பெண்களும் சிறுமிகளும் முதுகில் கரிக்கூடை சுமந்து ஏறியது மட்டும் 1842 வரை நிற்கவில்லை.

க்ளெர்க்குக்குப் பிறகு வீடு கைமாறிக்கொண்டே போனது. அந்தக் கதை அலுப்பு. 1870களில் அது மனநலக் காப்பகம் ஆனது, அதுவும் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு. பெரிய அறைகள், சுற்றிலும் மரங்கள், ஊரிலிருந்து தள்ளி. நாட்டுப்புற மாளிகைகளுக்கு விக்டோரியா காலத்தில் இப்படி ஒரு மறுவாழ்வு சகஜம். நோயாளிகளுக்காக இரண்டு பக்கமும் கட்டடம் நீண்டது. 1950களில் காப்பகம் மூடியதும் அந்தச் சேர்க்கைகளை இடித்து, ஆடம் கட்டிய வடிவத்தை மீட்டார்கள். ரசனை உள்ள வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் முக்கால் நூற்றாண்டு அங்கே படுத்து எழுந்தவர்களின் தடயமும் அந்தக் கல்லோடு போய்விட்டது.

1973இல் தீ. கூரையும் உள்ளறைகளும் போயின. தோட்டத்தில் பழைய கார்களும் கேரவன்களும் குவிந்தன. 1987இல் இது ஆபத்தான கட்டடம் என்று இடிக்கவே கிளம்பினார்கள். கடைசி நேரத்தில் தடுத்தாயிற்று. 2003இல் எந்தப் பழைய கட்டடத்தைக் காப்பாற்றலாம் என்று மக்கள் ஓட்டுப் போடும் பிபிசி நிகழ்ச்சியில் போட்டியிட்டது, ஜெயிக்கவில்லை. 2024இல்தான் விடிவு. தேசிய மரபு நினைவு நிதியம் 53 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. பொறுப்பு லேண்ட்மார்க் டிரஸ்ட்டுக்கு. பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு, விடுமுறைக்குத் தங்க வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிற அறக்கட்டளை அது.

வீடு பிழைக்கட்டும், எனக்குச் சந்தோஷமே. அங்கே தங்கப் போகிறவர் கையில் கொடுக்கும் குறிப்பேட்டில் ஆடமும் கொரெல்லியும் கட்டாயம் இருப்பார்கள். ஞானஸ்நானத்து அச்சாரத்துக்கும் நாலு வரி ஒதுக்கினால் நன்றாக இருக்கும். லோன்ஹெட்டில் கரி வெட்டுவது அண்மைக்காலம்வரை தொடர்ந்தது. அங்கிருந்த பெரிய சுரங்கமான பில்ஸ்டன் க்ளென் மூடியது 1989இல், மாளிகையை இடிக்கக் கிளம்பியதற்கு இரண்டே வருஷம் கழித்து. மாளிகைக்காக வாதாட ஆள் இருந்தது. சுரங்கம் மூடியே கிடக்கிறது.