விறகு விற்ற கேப்டன்

1854-ல் யுலிசஸ் கிராண்ட் என்ற அமெரிக்க ராணுவ கேப்டன் தன் வேலையை ராஜினாமா செய்தார். அப்போது அவருக்கு வயது 32. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர், மெக்சிகோ போரில் பங்கெடுத்தவர். ஆனால் கலிபோர்னியா முகாமில் வாங்கிய சம்பளத்தில் மனைவி, பிள்ளைகளை அங்கே வரவழைக்கக்கூட முடியவில்லை. தனிமை வாட்டியது. குடிக்கிறார் என்ற பேச்சும் கிளம்பியது.

அடுத்த ஏழு வருடங்கள் தொட்டதெல்லாம் நஷ்டம்தான்! செயின்ட் லூயிஸ் அருகே விவசாயம் செய்தார். தன் கையாலேயே மரவீடு கட்டினார். விறகு வெட்டி, வண்டியில் ஏற்றி, நகரத் தெருக்களில் விற்றார். 1857-ல் வந்த பொருளாதார நெருக்கடியில் விளைபொருள் விலை சரிந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு தங்கக் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். பிறகு வாடகை வசூலிக்கும் தொழில்... அதுவும் ஓடவில்லை. கடைசியில் 1860-ல் இல்லினாய் மாநிலத்தின் கலீனா ஊரில், தம்பிகள் நடத்தி வந்த அப்பாவின் தோல் கடையில் குமாஸ்தா.

1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் வெடித்தது. பழைய தொழிலுக்குத் திரும்ப நினைத்தார் கிராண்ட். கதவு சுலபமாகத் திறந்துவிடவில்லை. வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. கல்லூரியில் தனக்கு ஜூனியரான மெக்கிளெலன் இப்போது பெரிய ஜெனரல். அவரைப் பார்க்க சின்சினாட்டி அலுவலகத்தில் இரண்டு நாள் காத்திருந்தும் பார்க்க முடியவில்லை.

கிடைத்தது ஒரு மேஜை வேலை மட்டுமே. இல்லினாய் கவர்னர் அலுவலகத்தில் ராணுவப் படிவங்கள் தயாரிப்பது! ஆனால் அங்கேதான் அவருடைய பழைய அனுபவம் கைகொடுத்தது. மெக்சிகோ போரில் தன் படைப்பிரிவுக்கு உணவு, உடை, வண்டி எல்லாம் ஏற்பாடு செய்தவர் அவர். புதிதாகச் சேர்ந்த இளைஞர்களிடம் உற்சாகம் இருந்தது. படையை நடத்தத் தெரிந்தவர்கள்தான் குறைவு. ஜூன் மாதம், முதல் கர்னலுக்கு அடங்காத 21-வது இல்லினாய் படைப்பிரிவை கவர்னர் யேட்ஸ் அவரிடம் ஒப்படைத்தார். சீக்கிரமே அது ஒழுங்குக்கு வந்தது.

பயம் இல்லாமல் இல்லை. மிசௌரியில் எதிரி முகாமை நோக்கி முதன்முதலாகப் படை நடத்திச் சென்றபோது நெஞ்சு படபடத்ததை கிராண்டே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். போய்ப் பார்த்தால் முகாம் காலி. தனக்கு இருந்த பயம் எதிரிக்கும் இருந்திருக்கிறது என்று அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

1862-ல் டொனல்சன் கோட்டை, 1863-ல் விக்ஸ்பர்க்... 1864-ல் வடக்கு மாநிலங்களின் படைகள் அனைத்துக்கும் தலைமைத் தளபதி. 1865 ஏப்ரல் 9-ல் தெற்குப் படைத் தளபதி லீ அவரிடம் சரணடைந்தார். 1869 முதல் 1877 வரை அமெரிக்க ஜனாதிபதி.

விறகு விற்ற வருடங்கள் கிராண்டுக்குப் புதுத் திறமை எதையும் தந்ததாகச் சொல்ல முடியாது. 1884-ல் மீண்டும் வியாபாரத்தில் பங்குதாரரின் மோசடியால் எல்லாவற்றையும் இழந்தார். ஆனால் பழைய திறமை அந்த ஏழு வருடங்களில் அழிந்தும் போகவில்லை. கூப்பிட ஆள் இல்லாமல் கிடந்தது, அவ்வளவுதான். கூப்பிட்டதோ ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பலிகொண்ட போர். அது வராமல் இருந்திருந்தால், அவர் கலீனாவில் தோல் விற்றபடியே வயதாகியிருப்பார். நாட்டுக்கு அதுவே நல்லதாக இருந்திருக்குமா? போர் முடிந்த 1865-ல் விடுதலை பெற்ற சுமார் 40 லட்சம் அடிமைகளை நினைத்தால், சட்டென்று ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.