கல்லூரி மாணவர்களுக்கான கல்விசார் ஆலோசனை: நெம்மேலியிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் மாணவர் எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது, எந்த வரிசையில் படிப்பது, தவறிய தாளை எப்போது எழுதுவது, பட்டத்திற்குப் பின் எந்தப் படிப்புக்கும் வேலைக்கும் தகுதி உண்டு என்பன போன்றவற்றை விவரமறிந்த ஆசிரியரிடம் கேட்டு முடிவெடுக்க உதவும் ஏற்பாடே கல்விசார் ஆலோசனை எனப்படும். இது உளவியல் ஆலோசனையிலிருந்தும், சேர்க்கையின்போது இடம் ஒதுக்கும் 'கவுன்சிலிங்'கிலிருந்தும் வேறானது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள ஊர் நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தால் பலருக்கும் அறிமுகமான இவ்வூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றும் இயங்கி வருகிறது. தொடக்கத்தில் இது சென்னைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாக இருந்தது. இத்தகைய கல்லூரிகளுக்கு வருவோரில் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாத அவர்களுக்குத்தான் கல்லூரிக்குள் கிடைக்கும் ஆலோசனை பெரிதும் தேவைப்படுகிறது. அந்த ஏற்பாடு எவ்வாறு உருவானது, தமிழ்நாட்டில் எந்த நிலையில் உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆலோசகர் பணியின் தோற்றம்

பழைய கல்வி முறையில் ஆசிரியரும் ஆலோசகரும் ஒருவரே. நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியரின் இலக்கணத்தையும் மாணாக்கரின் வகைகளையும் சேர்த்தே கூறுகிறது. மாணாக்கரின் தன்மை அறிந்து கற்பிப்பதும் ஆசிரியரின் கடமையாகக் கருதப்பட்டது. நெம்மேலிக்குத் தெற்கே மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட சிற்பக் கல்லூரியிலும் மாணவர் ஆசிரியரின் கண் முன்னே உளி பிடித்துப் பழகுவதால், அவருக்கு எது வரும், எது வராது என்பது பட்டறையிலேயே தெரிந்துவிடும்.

எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்தவரை தனி ஆலோசகர் தேவைப்படவில்லை. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்த பிறகே அப்பணி முறையான வடிவம் பெற்றது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள கெனியன் கல்லூரியில் 1841இல், ஒவ்வொரு மாணவரும் ஆசிரியர் ஒருவரைத் தம் ஆலோசகராகக் கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அப்போது அங்கு மாணவராக இருந்து, பின்னாளில் குடியரசுத் தலைவரான ரூதர்போர்டு ஹேய்ஸ், தம் தாய்க்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டுள்ளார். 1869இல் ஹார்வர்டின் தலைவராகப் பொறுப்பேற்ற சார்லஸ் எலியட் விருப்பப் பாட முறையை விரிவுபடுத்தினார். தேர்வுகள் பெருகியதும் மாணவர் தடுமாறினர். 1889இல் முதலாண்டு மாணவருக்கென ஆலோசகர் குழு ஒன்றை ஹார்வர்டு அமைத்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும் ஏறத்தாழ அதே காலத்தில் ஆசிரியர்களே ஆலோசகர்களாயினர்.

சென்னை மாகாணத்தில்

1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. தொடக்கத்தில் அதன் வேலை பாடத்திட்டம் வகுப்பதும், தேர்வு நடத்துவதும், பட்டம் வழங்குவதுமே. கற்பிக்கும் பொறுப்பு கல்லூரிகளுடையது. தாள்கள் பெரும்பாலும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்ததால், மாணவருக்குத் தெரிய வேண்டியது தேர்வு நாளும் பாடநூல் பட்டியலும்தான்.

எனினும் மாணவரைத் தனித்தனியாகக் கவனிக்கும் வழக்கம் சில கல்லூரிகளில் வளர்ந்தது. 1862இல் சென்னைக்கு வந்து சென்னைக் கிறித்துவக் கல்லூரியை வளர்த்தெடுத்த வில்லியம் மில்லர், வெளியூர் மாணவருக்கு விடுதிகள் அமைப்பதில் அக்கறை காட்டினார். அக்கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது சேலையூர், புனித தோமையர், பிஷப் ஹீபர் ஆகிய மூன்று விடுதிகள் கல்லூரி வாழ்வின் மையமாயின. அங்கு விடுதிக் காப்பாளராக இருந்த பேராசிரியரே படிப்பைப் பற்றிய அறிவுரையும் கூறுவார். இந்த வாய்ப்பு விடுதியில் தங்கியோருக்கே மிகுதியாகக் கிடைத்தது. நாள்தோறும் பேருந்தில் வந்து போகும் மாணவருக்கு அது எட்டவில்லை.

விடுதலைக்குப் பின்

ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக்குழு (1948–49) மாணவர் நலனுக்கெனத் தனி ஏற்பாடுகள் வேண்டும் என்றது. கோத்தாரி கல்விக்குழு (1964–66) வழிகாட்டலையும் ஆலோசனையையும் உயர்கல்வியின் பகுதியாகவே கருதியது. பல்கலைக்கழகங்களில் வேலைவாய்ப்புத் தகவல் மற்றும் வழிகாட்டி மையங்கள் அமைந்தன. ஆயினும் இம்மையங்கள் பெரும்பாலும் படிப்பை முடித்தோருக்கே பயன்பட்டன.

பாடம் பதிவு செய்யும் நாளிலேயே ஆலோசகரும் உடன் இருக்கும் முறை முதலில் வேளாண் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. 1960இல் பந்த்நகரில் தொடங்கப்பட்ட வேளாண் பல்கலைக்கழகம் அமெரிக்க முன்மாதிரியைப் பின்பற்றியது. பருவ முறையும் மதிப்பலகு முறையும் அதனுடன் வந்தன. தமிழ்நாட்டில், 1868இல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. 1959இல் நிறுவப்பட்ட சென்னை ஐ.ஐ.டி.யிலும் மாணவருக்கு ஆசிரிய ஆலோசகர் உண்டு. அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகள், ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை மாணவரை ஓர் ஆசிரியரிடம் படிப்புக் காலம் முழுவதற்கும் ஒப்படைக்கின்றன. பாடப் பதிவு, மறுதேர்வு, வருகைப்பதிவு ஆகியவற்றை அவர் கவனிக்க வேண்டும். தேவையானால் பெற்றோரிடமும் பேசலாம்.

கலை அறிவியல் கல்லூரிகளில் மாற்றம் மெதுவாகவே வந்தது. 1978இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி உட்படச் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்று, தாமே பாடத்திட்டம் வகுக்கத் தொடங்கின. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2008–09 முதல் விருப்பத் தெரிவு மதிப்பலகு முறை நடைமுறைக்கு வந்தது. மொழிப்பாடம், முதன்மைப் பாடம், துணைப்பாடம், விருப்பப் பாடம், பிற துறைப் பாடம், விரிவாக்கப் பணி என்று பட்டம் பல கூறுகளாகப் பிரிந்தது. தேர்வு வந்துவிட்டது, ஆனால் அதற்கு ஈடாக ஆலோசகர் பணி வளரவில்லை.

'கவுன்சிலிங்' என்ற சொல்

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு 1997இல் ஒற்றைச் சாளர முறை வந்தது. தரவரிசைப்படி மாணவரை அழைத்து, காலியாக உள்ள இடங்களைத் திரையில் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இந்நிகழ்வுக்கு 'கவுன்சிலிங்' என்று பெயர். தமிழில் இது 'கலந்தாய்வு' ஆனது. 2018 முதல் இது இணையவழியில் நடக்கிறது. இந்த முறை சேர்க்கையில் நேர்மையைக் கொண்டுவந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் 'கவுன்சிலிங் முடிந்துவிட்டது' என்று ஒரு வீட்டில் சொன்னால், இடம் கிடைத்துவிட்டது என்றே பொருள். ஆலோசனையைக் குறிக்கும் சொல் சேர்க்கைக்கு உரியதாகிவிட்டதால், சேர்ந்த பிறகு வரும் மூன்று ஆண்டுகளுக்கும் அது தேவை என்ற எண்ணம் மங்கியது.

ஆலோசனை இல்லாததால் வரும் இழப்பு

தவறான முடிவின் விலை உடனே தெரிவதில்லை. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ இணையான பாடத்திலோ இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் நடைமுறை. இதை அறியாமல் முதுகலையில் வேறு பாடத்துக்கு மாறியவர், பல ஆண்டுகள் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பின்போதுதான் உண்மையை அறிகிறார். புதிய பெயர்களில் வரும் பட்டங்கள் அரசுப் பணிக்கு இணையானவையா என்பதையும் சேரும் முன்பே அரசாணையைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவருக்கு இதை முதல் பருவத்திலேயே சொல்ல ஒருவர் வேண்டும்.

மறுபுறம், பக்கத்திலேயே உள்ள வாய்ப்பும் கண்ணில் படாமல் போகலாம். நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்குகிறது. 2024இல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையமும் திறக்கப்பட்டது. அருகே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை, தெற்கே கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம், வடக்கே சிறுசேரியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. இப்பகுதியில் வேதியியல் படிப்பவர் எதிர்ச் சவ்வூடுபரவலையும் நீர்ப் பகுப்பாய்வையும், விலங்கியல் படிப்பவர் ஊர்வன பாதுகாப்பையும் தம் பாடத்தோடு இணைத்துப் பார்க்கலாம். அந்த இணைப்பைச் சுட்டிக்காட்டுவதும் ஆலோசகரின் பணியே.

இன்றைய நிலை

தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு (நாக்) கல்லூரிகளை மதிப்பிடும்போது, ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பதையும் கேட்கிறது. இதனால் பல கல்லூரிகளில் வழிகாட்டிப் பதிவேடுகள் உள்ளன. அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். அவர்களது பணி நிரந்தரமில்லாதபோது, மூன்று ஆண்டுகளும் அதே மாணவரைத் தொடர்ந்து கவனிப்பது கடினம். பதிவேடு இருக்கும்; கேட்கும் ஆள் மாறிவிடுவார்.

2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சியையும், 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோருக்கு உயர்கல்வி வழிகாட்டலையும் வழங்குகின்றன. அதே ஆண்டு தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டமும், 2024இல் வந்த 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கின்றன. வாசல் வரை வருவதற்கான உதவி இவ்வாறு வளர்ந்துள்ளது. அடுத்து வேண்டியது, உள்ளே வந்தபின் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் மாணவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச நேரமும் பொறுப்பும் உடைய ஓர் ஆசிரியர்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பட்டத்தின் விதிமுறை நூலைத் துறைத் தலைவரிடமோ பல்கலைக்கழக இணையதளத்திலோ பெற்றுப் படியுங்கள். விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பும், முதுகலைக்கு விண்ணப்பிக்கும் முன்பும் ஆசிரியர் ஒருவரிடம் கேளுங்கள். கேட்பவர் இருக்கும் இடத்தில்தான் ஆலோசகர் பணி உருவாகியிருக்கிறது என்பதே இவ்வரலாறு காட்டும் செய்தி.