கைரேகையும் கைத்திறனும்: கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூர் வரை

ஒவ்வொரு நாளும் விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்கள் கோலார் தங்கவயலின் உழைப்பாளர்களைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு. 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். அவர்களிலும் அவர்கள் பிள்ளைகளிலும் பலருக்குப் பெங்களூரின் காவல் பணியும் கட்டட வேலையும் துப்புரவுப் பணியுமே பிழைப்பாயின. தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை சென்ற சுரங்கத்தில் பாறையைத் துளைத்தும் தாங்குசுவர் எழுப்பியும் இருபது ஆண்டுகள் உழைத்த ஒருவர் இந்நகரத்தின் கூலிப் பட்டியலில் எந்த இடத்தைப் பெறுகிறார்? கர்நாடக அரசின் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கைகள் தொழிலாளரைத் திறனற்றோர், பகுதித் திறனுடையோர், திறனுடையோர், உயர்திறனுடையோர் எனப் பிரிக்கின்றன. எப்பிரிவு என்பதைத் தீர்மானிப்பதில் கையின் பழக்கத்தைவிடக் கையிலுள்ள காகிதத்துக்கே செல்வாக்கு அதிகம்.

இக்குறையைத் தீர்ப்பதற்கென வந்ததே ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்னும் ஏற்பாடு. பள்ளியிலோ பயிற்சி நிலையத்திலோ அன்றி வேலையிலேயே கற்றுக்கொண்டவரின் திறனைச் சோதித்துச் சான்றளிப்பது அதன் நோக்கம். 2015-இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் அதனைத் தன் கூறுகளுள் ஒன்றாக ஏற்றது. இது புதிய சிந்தனையாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் தொழிலாளியைப் பற்றி எதைப் பதிவு செய்வது, யார் பதிவு செய்வது என்ற வினாக்கள் தங்கவயலில் நூறாண்டுப் பழமையுடையவை. அவ்வரலாறு காட்டும் உண்மை இதுதான்: தொழிலாளியின் விரலையும் நுரையீரலையும் பதிவு செய்யக் கற்ற நிர்வாகமும் அரசும், அவர் கையின் திறனைப் பதிவு செய்ய மிகவும் தாமதித்தன, பதிவு செய்தபோதும், எது திறன் என்னும் பட்டியலைத் தயாரிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டன.

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தங்கவயலின் நிர்வாகத்தில் இறங்கியது. மேற்பார்வைப் பணிகளில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் அமர்ந்தனர். நிலத்தடி உழைப்பில் பெரும்பங்கு வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த ஆதிதிராவிடத் தொழிலாளருடையது. அவர்களுக்குப் பயிற்சிப் பள்ளி எதுவும் இல்லை. மூத்தவரின் அருகில் நின்று, கண்டும் கேட்டுமே தொழில் கற்கப்பட்டது. ஆழம் கூடக் கூடப் பாறைவெடிப்பு என்னும் பேராபத்தும் கூடியது. அழுத்தம் தாளாத பாறை திடீரெனச் சிதறும் அந்நிகழ்வில் பலர் மாண்டனர். அதனைத் தடுக்க மரக்கட்டைகளாலும் செதுக்கிய கருங்கல் அடுக்குகளாலும் சுரங்க வெளிகள் தாங்கப்பட்டன. எந்த இடத்தில், எவ்வளவு நெருக்கமாக அடுக்குவது என்பது அனுபவம் கற்பித்த அறிவு. கூலிப் பதிவேட்டிலோ அது ஒரு நாள் உழைப்பு மட்டுமே.

அந்நிலையில் நிர்வாகத்துக்குத் தேவைப்பட்ட பதிவு வேறு. தங்கத் திருட்டைத் தடுக்கவும், வேலைநீக்கம் செய்யப்பட்டவர் வேறு பெயரில் மீண்டும் நுழையாதிருக்கவும் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் முறை வலியுறுத்தப்பட்டது. அதனை எதிர்த்து 1930-இல் தங்கவயல் தொழிலாளர் பெருந்திரளாக வேலைநிறுத்தம் செய்தனர். மைசூர் சமஸ்தானத்தின் தொழிலாளர் வரலாற்றில் அது ஒரு முக்கியமான நிகழ்வு. ஜானகி நாயரின் ஆய்வுகள் அதனை விரிவாகப் பேசுகின்றன. எழுத்தறிவற்றோர் காகிதத்தைக் கண்டு அஞ்சிய கதையாக இதனைச் சுருக்கிவிட இயலாது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் முதன்மையான மையங்களாக விளங்கின. பள்ளியும் அச்சும் இதழும் அச்சமூகத்தின் வாழ்வில் இடம்பெற்றிருந்தன. அவர்கள் மறுத்தது எழுத்தையன்று. தம்மைக் குற்றவாளிகளின் வரிசையில் வைத்து எழுதும் பதிவையே மறுத்தனர்.

விரலுக்குப் பின் நுரையீரல். தங்கவயல் தொழிலாளர் 7,653 பேரைச் சோதித்து 1947-இல் வெளிவந்த மருத்துவ ஆய்வொன்று, அவர்களில் 43.7 விழுக்காட்டினர் சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு ஆளாகியிருந்ததைக் கண்டறிந்தது. சமூக மருத்துவப் பாடநூல்களில் இன்றும் இடம்பெறும் எண் இது. உழைப்பு உடலுக்கு என்ன செய்தது என்பதற்கு இவ்வாறு சான்று உண்டு. உடல் அவ்வுழைப்பில் என்ன கற்றது என்பதற்கு இணையான சான்று இல்லை.

விடுதலைக்குப் பின் சட்டம் ஓரளவு மாறியது. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளும் ஃபோர்மேன், மேட், பிளாஸ்டர் முதலிய பணிகளுக்குத் தகுதிச் சான்றிதழ்களை வகுத்தன. அவற்றைப் பெற நிலத்தடி அனுபவம் கட்டாயம். இன்றைய மொழியில் சொன்னால் இவை திறன்சார் தகுதிகளே. 1966-இல் வந்த சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள் தொழிலாளருக்குப் பயிற்சியையும் அதற்கான சான்றையும் கட்டாயமாக்கின. எனினும் இச்சான்றுகளின் மதிப்பு சுரங்க வாயிலோடு முடிந்தது. சுரங்கம் இருந்தவரை அவை தகுதி. சுரங்கம் மூடப்பட்ட மறுநாள் பழைய காகிதம்.

சுரங்கத் தகுதிச் சான்றிதழின் உலக வரலாறும் களங்கமற்றதன்று. தென்னாப்பிரிக்காவில் 1911-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் பணிகள் சட்டமும் அதன் 1926-ஆம் ஆண்டுத் திருத்தமும் தகுதிச் சான்றிதழ்களைக் கறுப்பினத் தொழிலாளருக்கு எட்டாதபடி செய்தன. வெடிவைக்கும் வேலையைத் தினமும் அருகிருந்து செய்தவருக்கு, அவ்வேலை தெரியும் என்று எழுதிக்கொடுக்க அரசு மறுத்தது. நிறவெறி ஆட்சி முடிந்தபின் 1995-இல் அந்நாடு தேசியத் தகுதிச் சட்டகத்தைச் சட்டமாக்கியபோது, கடந்த கால அநீதிகளைக் களைவதையும் அதன் நோக்கங்களுள் ஒன்றாக எழுதியது. முன்கற்றலை அங்கீகரிப்பது அங்கே இழப்பீட்டின் ஒரு வடிவமாகவும் கருதப்பட்டது. இந்தியாவில் அக்கோணம் ஏறக்குறைய எழவே இல்லை. சாதியும் உழைப்பும் பிரிக்க முடியாதபடி பிணைந்த நாட்டில் இவ்விடைவெளி கவனிக்கத்தக்கது.

பெங்களூரின் தொழில் வரலாறு இதன் மறுபக்கம். 1940-இல் இந்துஸ்தான் விமான நிறுவனம், 1948-இல் இந்தியத் தொலைபேசித் தொழிலகம், 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என அடுத்தடுத்துப் பெருந்தொழிலகங்கள் இந்நகரில் எழுந்தன. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டமும் 1961-இல் தொழிற்பழகுநர் சட்டமும் வந்தபின், தொழிற்பயிற்சி நிலையத்தின் சான்றிதழ் மெல்ல மெல்ல இத்தொழிலகங்களின் நுழைவுச்சீட்டாயிற்று. தொழிலில் சில ஆண்டு அனுபவம் உடையவர் அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழி இருந்தது. ஆயினும் அதற்கும் பள்ளிக் கல்வித் தகுதி முன்நிபந்தனை. பெங்களூர் ஆலைத் தொழிலாளரை ஆராய்ந்த மார்க் ஹோம்ஸ்ட்ராம், 1976-இல் வெளியான தம் நூலில், நிரந்தர ஆலை வேலையை ஒரு கோட்டையாக உருவகித்தார். உள்ளே இருப்போருக்குப் பாதுகாப்பு, வெளியே இருப்போருக்கு நிச்சயமின்மை. அக்கோட்டையின் திறவுகோல்களுள் ஒன்றாகச் சான்றிதழ் விளங்கியது.

2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிச் சட்டகம் இக்கதவைத் திறக்க முயன்றது. எங்கே கற்றார், எத்தனை ஆண்டு கற்றார் என்று கேளாமல், என்ன செய்ய வல்லவர் என்று கேட்பதே அதன் அடிப்படை. கொள்கையளவில் இது பெரிய முன்னேற்றம். நடைமுறையில், அங்கீகாரம் தேடுவோர் தம் வேலையைத் துறைசார் திறன் மன்றங்கள் வகுத்த ‘பணிப் பங்கு’களுள் ஒன்றில் பொருத்திக்காட்ட வேண்டும். பிரதமர் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஏறத்தாழ பன்னிரண்டு மணிநேர அறிமுகப் பயிற்சி, பின் மதிப்பீடு, தேறியவருக்குச் சான்றிதழுடன் ஐந்நூறு ரூபாய் என்பது முறை. காவலராகப் பணிபுரியும் முன்னாள் சுரங்கத் தொழிலாளி இம்முறைக்குள் வந்தால் காவலராகச் சான்று பெறலாம். அவருடைய இருபது ஆண்டு நிலத்தடி அறிவைக் கேட்க அம்மதிப்பீட்டுத் தாளில் இடமில்லை. ஆக, முன்கற்றலில் இன்றைய சந்தை கேட்கும் பகுதி மட்டுமே அங்கீகாரம் பெறுகிறது.

அதே பாறையைப் பற்றிய மற்றோர் அறிவு வேறு வழியில் பயணம் செய்தது. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் தங்கவயலில் நிறுவப்பட்டது. பின்னர் அதன் தலைமையிடம் பெங்களூருக்கு வந்தது. பாறைவெடிப்பைக் கருவிகளால் அளந்த அறிவுக்கு நிறுவனமும் பதவிகளும் ஆய்வேடுகளும் கிடைத்தன, அவை பெறத்தக்கவையே. அதே பாறைவெடிப்பின் நடுவே தாங்குசுவர் எழுப்பிய அறிவு மட்டும் விடியற்கால ரயிலில் சுவடின்றி வந்திறங்கியது.

மொழியும் இங்கே சிந்திக்கத்தக்க ஒன்றைச் சொல்கிறது. அரசு ஆவணங்கள் ‘தகுதி’ என்றும் ‘திறன்’ என்றும் எழுதுகின்றன. தகுதி என்பது பிறர் வழங்குவது. தகுதியற்றவர் என்ற சொல் ஒருவரின் மதிப்பையே தொட்டுவிடுகிறது. பேச்சுவழக்கிலோ ‘கைதேர்ந்தவர்’, ‘வேலை தெரிந்தவர்’ என்பார்கள். கை தேர்ந்ததற்குச் சாட்சி உடன் உழைத்தவர்களே. ‘மேஸ்திரி’ என்ற சொல் போர்த்துகீசியத்தில் ஆசானைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பயிற்சி நிலையங்கள் தோன்றுமுன் மதிப்பீட்டாளராகவும் இருந்தவர் அவர். அம்முறையில் பாரபட்சமும் சுரண்டலும் இருந்தன. அதற்குத் திரும்புவது தீர்வன்று. ஆனால் தொழிலை அறிந்தவரே தொழிலை மதிப்பிட வேண்டும் என்ற அதன் ஒரு கூற்றை இழக்க வேண்டியதில்லை.

பிரான்ஸ் 2002-இல் சட்டமாக்கிய அனுபவ மதிப்பீட்டு முறையில், விண்ணப்பதாரர் தம் பணி வாழ்வை விரித்துரைக்கும் கோப்பொன்றை அளிக்கிறார்; அத்தொழில்துறையினரும் இடம்பெறும் குழு அதனைப் படித்து, அவரிடம் உரையாடி முடிவு செய்கிறது. முழுப் பட்டயமே கிடைக்கவும் கூடும். எழுத்தில் பழக்கமற்றவருக்கு அது எளிதன்று. ஆயினும் தொழிலாளி தன் அறிவைத் தானே எடுத்துரைப்பதற்கு அங்கே இடமுண்டு. தங்கவயலின் கடைசித் தலைமுறைச் சுரங்கத் தொழிலாளர் முதுமையை எட்டிவிட்டனர். அவர்களுக்குச் சான்றிதழால் இனி வேலை கிடைக்கப்போவதில்லை. ஆனால் அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தால், எது திறன் என்னும் பட்டியல் யாரால், எவரை விட்டுவிட்டு எழுதப்பட்டது என்பது தெளிவாகும். அடுத்த தொழில் மூடப்படும்போது, அதன் தொழிலாளர் வெறுங்கையுடன் நகரத்துக்கு வராதிருக்க அத்தெளிவு தேவை.