குளிர்விப்புக் கோபுர விசிறிகளின் வேகக் கட்டுப்பாடு

குளிர்விப்புக் கோபுரத்தின் விசிறியை எந்நேரமும் முழு வேகத்தில் ஓட்டாமல், மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் குறைத்துத் தேவைக்கேற்ற வேகத்தில் ஓட்டுவது ஒரு மின்சிக்கன முறை. கோபுரத்தை ஆலைகளில் 'கூலிங் டவர்' என்றும், அதிர்வெண் மாற்றியை 'டிரைவ்' அல்லது 'வி.எஃப்.டி.' என்றும் சொல்வார்கள்.

சில்லர் எனும் குளிரூட்டும் இயந்திரத்தின் கண்டென்சரிலிருந்து சூடாகத் திரும்பும் நீர், கோபுரத்தின் உச்சியிலிருந்து, நீரைப் பரப்பும் ஃபில் அடுக்குகள் வழியே வழிகிறது. விசிறி இழுக்கும் காற்றில் அதன் சிறு பகுதி ஆவியாகிவிட, மீதி நீர் குளிர்ந்து அடித்தொட்டியில் சேர்கிறது. காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு, கீழே அந்த நீரைக் குளிர்விக்க முடியாது. விசிறியை எவ்வளவு விரட்டினாலும் இந்த எல்லை நகராது.

விசிறி தள்ளும் காற்றின் அளவு விசிறி வேகத்தின் நேர் விகிதத்திலும், அது இழுக்கும் மின்திறன் வேகத்தின் முப்படி விகிதத்திலும் மாறுகின்றன. 50 ஹெர்ட்ஸில் ஓடும் மோட்டாரை 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் காற்று 80 விழுக்காடு கிடைக்கும். மின்திறனோ ஏறத்தாழ 51 விழுக்காடுதான். 25 ஹெர்ட்ஸில் பாதிக் காற்று, எட்டில் ஒரு பங்கு மின்திறன். எனவே தனித்தனி விசிறியுடன் இரண்டு செல் (பிரிவு) உள்ள கோபுரத்தில் ஒன்றை நிறுத்தி மற்றொன்றை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட, இரண்டையும் பாதி வேகத்தில் ஓட்டுவதே சரி. மொத்தக் காற்று மாறாது, மின்செலவு மட்டும் கால் பங்காகும்.

தூண்டல் மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணைப் பொறுத்தது என்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெரிந்திருந்தது. அதிர்வெண்ணை மலிவாக மாற்றும் கருவிதான் இல்லை. ஆகவே விசிறியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள். அல்லது நிமிடத்துக்கு 1500, 750 சுற்று என இருவேக மோட்டார் வைத்தார்கள். அடிக்கடி நின்று கிளம்பியதில் பெல்ட்டும் கியர் பாக்ஸும் தேய்ந்தன. 1968-இல் டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனம் பெருமளவில் தயாரித்த அதிர்வெண் மாற்றியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டிரைவைச் சிறிதாக்கி மலிவாக்கியது ஐ.ஜி.பி.டி. என்ற குறைகடத்திச் சாதனம். அதை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் உருவாக்கியவர் பி. ஜெயந்த் பாலிகா. 1948-இல் சென்னையில் பிறந்து, 1969-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர் இவர். வெப்பப் பம்பு போன்ற கருவிகளின் மோட்டாரை வேகம் மாற்றி ஓட்டும் டிரைவின் தேவையே அந்த ஆய்வுக்குத் தூண்டுகோல். குளிர்விப்புக் கோபுர விசிறிக்கும் அந்த டிரைவ் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு பாலிகாவுக்கு வழங்கப்பட்டது.

 காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு இந்த முறை பொருந்தும். சென்னை வட்டாரத்தில் கோபுரங்கள் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு வடிவமைக்கப்படுகின்றன. கோடையிலும் புழுக்கமான மாதங்களிலும் காற்று அந்த அளவை ஒட்டியே இருப்பதால், முழுச் சுமையில் ஓடும் ஆலைக்கு அப்போது மிச்சம் எதுவும் கிடைக்காது. டிரைவே சில விழுக்காடு மின்சாரத்தை வெப்பமாக இழப்பதால், சற்று நட்டம்கூட வரலாம். மார்கழி, தை இரவுகளில் ஈரக்குமிழ் 20 பாகையை ஒட்டி இறங்கும்போதும், இரவு ஷிப்டில் சுமை குறையும்போதும்தான் இதன் பலன் தெரியும்.

விசிறியின் வேகத்தைக் குறைத்தால் சில்லருக்குப் போகும் நீர் சூடேறும் என்பது இதற்குச் சொல்லப்படும் எதிர்வாதம். நீர் 1 பாகை சூடேறினால் சில்லரின் மின்செலவு ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு கூடும். ஆகவே விசிறியின் மீட்டரை மட்டும் பார்ப்பது தவறு. விசிறியும் சில்லரும் சேர்ந்து இழுக்கும் மின்திறன் எங்கே மிகக் குறைவோ அதுவே சரியான வேகம்.

வேகத்தை விருப்பம்போல் இறக்கிவிடவும் முடியாது. எண்ணெயைத் தெறிக்கவிட்டு மசகிடும் கியர் பாக்ஸில், மிகக் குறைந்த வேகத்தில் மேல் தாங்கிக்கு எண்ணெய் எட்டாது. சில வேகங்களில் விசிறித் தகடுகள் ஒத்ததிர்வுக்கு உள்ளாகும்; அந்த அதிர்வெண்களைத் தாண்டிச் செல்லும்படி டிரைவில் முன்கூட்டியே பதிய வேண்டும். நின்ற விசிறியைக் காற்று பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டிருந்தால், அதை நிறுத்திய பிறகே கிளப்ப வேண்டும். பழைய மோட்டாரின் மின்காப்பு டிரைவின் மின்னழுத்தத் துடிப்பைத் தாங்குமா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

மேலும் அறிய விரும்புவோருக்கு, இந்தியாவில் 2001-ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டப்படி 2002-இல் அமைந்த எரிசக்தித் திறன் பணியகம், ஆற்றல் தணிக்கையாளர் தேர்வுக்காக வெளியிட்ட பாடநூலில் குளிர்விப்புக் கோபுரங்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு.